மேல்நிலை வகுப்பில் உடற்கல்விப் பாடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளில் உடற்கல்வியை ஒரு முழுப் பாடமாக எடுக்கலாமா என்று யோசிப்பவர்களும், எடுத்துவிட்டுத் தலையில் கைவைத்தவர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகள் வருஷா வருஷம் மாறுவதே இல்லை. ஆளாளுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லித் தொண்டை வற்றியதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து இங்கே எழுதிவிட்டேன். எத்தனை தாள், எதற்கு எத்தனை மதிப்பெண் என்பது பாடத்திட்டத்துக்குப் பாடத்திட்டம் மாறும். அதை உங்கள் கையேட்டில் பாருங்கள். இங்கே இருப்பது எங்கே படித்தாலும் மாறாத சங்கதி.

1. பி.டி. பீரியடைப் போய் ரெண்டு வருஷம் படிக்கணுமா? அதுல படிக்க என்னங்க இருக்கு?

2009-இல் பெர்லினில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடினார். அந்த ஓட்டத்தை 20 மீட்டர் துண்டுகளாகப் பிரித்துப் பார்த்தால், 60-லிருந்து 80 மீட்டர் வரை 1.61 விநாடி. கடைசி 20 மீட்டருக்கு 1.66 விநாடி. உலகத்திலேயே வேகமான மனிதருக்கும் கோட்டை நெருங்கும்போது வேகம் குறைந்திருக்கிறது. ஏன்? அந்த ‘ஏன்’தான் பாடம்.

தசைக்குள் எரிபொருள் என்ன ஆனது என்று கேட்டால் அது உடலியங்கியல். பாதம் தரையில் எந்தக் கோணத்தில் பட்டது என்றால் உயிர் இயக்கவியல். பக்கத்து லேனில் ஆள் இருந்தால் வேகம் கூடுமா என்றால் உளவியல். யாருக்கெல்லாம் அந்தக் கோட்டில் நிற்க அனுமதி கிடைத்தது என்றால் சமூகவியல். மைதானத்தில் நீங்கள் ஆடுவதற்கும் மதிப்பெண் உண்டு. ஆனால் பல பாடத்திட்டங்களில் எழுத்துத் தேர்வுக்குத்தான் எடை அதிகம்.

2. எனக்கு விளையாட்டு சுமாராத்தான் வரும். எடுக்கலாமா?

எடுக்கலாம், ஒரு நிபந்தனையோடு. ஏதாவது ஒரு விளையாட்டையாவது வாரம் தவறாமல் ஆடிக்கொண்டிருக்க வேண்டும். செய்முறை மதிப்பெண்ணுக்காக மட்டும் சொல்லவில்லை. எழுத்துத் தேர்விலேயே ‘உங்கள் விளையாட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு தருக’ என்றுதான் பாதிக் கேள்விகள் முடியும். டிவியில் பார்த்ததை வைத்து எழுதுகிற எடுத்துக்காட்டு இரண்டே வரியில் வெளுத்துவிடும்.

3. நான் டீம்ல ஆடுறேன், கோப்பை எல்லாம் வாங்கியிருக்கேன். அப்போ எனக்கு ஈஸிதானே?

செய்முறையில் ஈஸி. தாளில் சில நேரம் உங்களுக்குத்தான் கஷ்டம். காரணமும் பாடத்திலேயே இருக்கிறது. ஃபிட்ஸ், போஸ்னர் என்ற இருவர் 1967-இல் திறன் கற்றலை மூன்று கட்டமாகப் பிரித்தார்கள்: யோசித்து யோசித்துச் செய்யும் கட்டம், திருத்தித் திருத்திப் பழகும் கட்டம், யோசிக்காமலே வந்துவிடும் கட்டம். மூன்றாவது கட்டத்துக்குப் போனவருக்குக் கை பேசும், வாய் பேசாது.

ஃப்ரீ கிக்கைச் சுவர்போல நிற்கும் ஆட்களைச் சுற்றி வளைத்து மூலையில் இறக்குகிற பையன் ஒருவனிடம், ‘எப்படிடா வளையுது?’ என்று கேட்டேன். நாற்காலியை விட்டு எழுந்தான். காற்றில் ஓர் உதை உதைத்தான். யோசித்தான். இன்னொரு உதை. கடைசியில், ‘இப்படி உதைச்சா போகும் சார்’ என்றான். அவ்வளவுதான் வந்தது. தேர்வுத்தாளில் காலைத் தூக்கிக் காட்ட முடியாதே. (அவன் எழுதியிருக்க வேண்டிய பதில் 8-ஆவது கேள்வியில் இருக்கிறது.)

4. உயிரியல், கணக்கு ரெண்டும் எனக்கு ஆகாது. சமாளிச்சிடலாமா?

இதயம், நுரையீரல், எலும்பு, தசை ஆகியவை கட்டாயம் வரும், தப்ப வழியில்லை. கணக்கு என்று பார்த்தால் பெருக்கல், சதவீதம், வரைபடம் படிப்பது, இவ்வளவுதான். ஓர் உதாரணம்: இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தத்தை நிமிடத் துடிப்பால் பெருக்கினால் ஒரு நிமிடத்தில் வெளியேறும் ரத்த அளவு. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு 70 மி.லி. × 72 = சுமார் 5 லிட்டர். நன்றாகப் பயிற்சி எடுத்தவருக்கு 100 மி.லி. × 50, அதுவும் 5 லிட்டர்தான். அவர் இதயம் அதே வேலையை 22 துடிப்பு குறைவாக முடிக்கிறது. இந்த ஒரு பெருக்கல் புரிந்தால் ஓர் அத்தியாயம் புரிந்த மாதிரி.

புத்தகத்தில் புரியவில்லையா, மாடிப்படியில் படியுங்கள். மூன்று நிமிடம் ஏறி இறங்குங்கள். கழுத்தில் இரண்டு விரலை வைத்து 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். கட்டைவிரல் வேண்டாம், அதற்கே ஒரு துடிப்பு உண்டு, எண்ணிக்கை குழம்பும். ஒரு நிமிடம் கழித்து மறுபடி எண்ணுங்கள். தினமும் ஓடுகிற மாணவி ஒருத்திக்கு 156 இருந்தது 112-க்கு இறங்கியது. பக்கத்தில் நின்றவனுக்கு 160-லிருந்து 148 வரைதான். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்; அதற்குப் பிறகு ‘மீட்பு வீதம்’ என்ற சொல்லை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

5. ஏடிபி, பிசி, லாக்டிக், ஏரோபிக்... எது எப்ப வேலை செய்யும்னு மண்டை காயுது.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். தசை சுருங்க ஒரே ஒரு நாணயம்தான் செல்லும்: ஏடிபி என்ற ஆற்றல் தரும் வேதிப்பொருள். தசைக்குள் இருக்கும் கையிருப்பு இரண்டு மூன்று விநாடிக்குத்தான் தாங்கும். பிறகு செலவான ஏடிபியைத் திரும்ப உருவாக்க மூன்று வழி. முதல் வழி பாஸ்போகிரியாட்டின் (நீங்கள் சொல்லும் பிசி): மின்னல் வேகம், ஆனால் முழு மூச்சில் போனால் பத்து விநாடிக்குள் வற்றிவிடும். இரண்டாவது, ஆக்ஸிஜன் இல்லாமல் குளுக்கோஸை உடைப்பது (லாக்டிக்): வேகம் உண்டு, ஆனால் தசையில் அமிலத்தன்மை ஏறும். மூன்றாவது ஆக்ஸிஜனோடு எரிப்பது (ஏரோபிக்): மெதுவாகச் சூடுபிடிக்கும், மணிக்கணக்கில் ஓடும்.

புத்தகத்தில் இதைப் படமாகப் போடும்போது ரிலே ஓட்டம் மாதிரி ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குவதாகத் தோன்றும். அப்படி இல்லை. மூன்றும் முதல் அடியிலேயே தொடங்கிவிடுகின்றன. பங்கு மட்டும்தான் மாறுகிறது. முழு வேகத்தில் ஒன்றேகால் நிமிடம் போல ஓடினால் ஆக்ஸிஜன் வழியின் பங்கும் மற்ற இரண்டின் பங்கும் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி. ஆகவே 800 மீட்டரை ‘லாக்டிக் ஓட்டம்’ என்று ஒரே சொல்லில் எழுதிவிடாதீர்கள். ‘முதன்மையான’, ‘பெரும்பங்கு’ போன்ற சொற்களைப் போடுங்கள்.

இப்போது போல்ட்டிடம் திரும்பிப் போங்கள். 7.92-ஆவது விநாடியில் அவர் 80 மீட்டரில் இருந்தார். பாஸ்போகிரியாட்டின் கரைந்துகொண்டிருக்கிறது, நரம்புகளும் அதே வேகத்தில் தசைக்குக் கட்டளை அனுப்பத் திணறுகின்றன. அந்த 0.05 விநாடி எங்கே போனது என்று இப்போது உங்களால் எழுத முடியும்.

6. மறுநாள் கால் வலிக்கிறதுக்கு லாக்டிக் அமிலம் தேங்குறதுதானே காரணம்?

இல்லை. கோச்சுகள் முதல் எதிர்வீட்டுக்காரர் வரை எல்லோரும் சொல்வதால் உண்மைபோல ஆகிவிட்டது. ஓட்டம் முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் லாக்டேட் (உடம்பில் லாக்டிக் அமிலம் இருக்கும் வடிவம்) பழைய அளவுக்கு இறங்கிவிடும். வலி உச்சத்துக்கு வருவதோ ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள். போய்விட்டதன் மேல் பழி போட முடியாது. உண்மைக் காரணம், தசை நீண்டுகொண்டே விசை கொடுக்கும்போது இழைகளில் உண்டாகும் நுண்ணிய சேதமும் அதைத் தொடரும் அழற்சியும். மலை ஏறியதைவிட இறங்கியதற்குத்தான் மறுநாள் தொடை அதிகம் வலிக்கும். கவனித்திருக்கிறீர்களா?

7. நெம்புகோல் மூணு வகையும் படிச்ச அன்னிக்கே மறந்துடுது.

நடுவில் எது இருக்கிறது என்பதை மட்டும் பாருங்கள். ஆதாரப்புள்ளி நடுவில் என்றால் முதல் வகை, பளு நடுவில் என்றால் இரண்டாவது, விசை நடுவில் என்றால் மூன்றாவது. இப்போதே செய்து பாருங்கள். தலையை ஆட்டுங்கள்: முகத்தின் எடை முன்னால், இழுக்கும் தசை பின்னால், கழுத்தெலும்பு நடுவில், முதல் வகை. எழுந்து நுனிக்காலில் நில்லுங்கள்: ஆதாரம் விரல் முனையில், இழுப்பது குதிகாலில், உடல் எடை நடுவில், இரண்டாவது. உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைத் தூக்குங்கள்: முழங்கை ஆதாரம், பாட்டில் கையில், மேல்கையின் முன்தசை பிடித்திருப்பது முழங்கைக்குச் சற்று முன்னால், மூன்றாவது.

மூன்றாவது வகை நஷ்டக் கணக்கு. தசை முழங்கையிலிருந்து 5 செ.மீ. தூரத்தில் ஒட்டியிருக்கிறது, பளு 35 செ.மீ. தூரத்தில் என்று வைத்துக்கொண்டால், 5 கிலோவைத் தாங்க அந்தத் தசை 35 கிலோ எடைக்குச் சமமாக இழுக்க வேண்டும். பிறகு ஏன் உடம்பில் பெரும்பாலும் இந்த வகையே? தசை கொஞ்சம் சுருங்கினாலே கை வெகுதூரம், வெகுவேகமாக நகர்கிறதே, அந்த லாபத்துக்குத்தான். எறிதலும் உதைத்தலும் இதில்தான் நடக்கின்றன. வகையின் பெயருக்கு ஒரு மதிப்பெண் என்றால் இந்த லாப நஷ்டத்துக்கு இரண்டு.

8. பந்து வளையறதுக்கு ‘மேக்னஸ் விளைவு’னு எழுதினேன். அரை மார்க்தான் போட்டாங்க.

பெயர் மட்டும் பதிலாகாது. சங்கிலியை முழுதாகக் கோர்க்க வேண்டும். பந்தின் மையத்தை விட்டு விலகி உதைத்ததால் அது சுழல்கிறது. சுழலும்போது தன் மேல்பரப்போடு ஒட்டிய காற்றையும் இழுத்துப் போகிறது. ஒரு பக்கம் எதிர்க்காற்றின் திசையிலேயே சுழல்வதால் அங்கே காற்று வேகமாகப் போகும், அழுத்தம் குறையும். மறுபக்கம் எதிர்த்துச் சுழல்வதால் வேகம் குறையும், அழுத்தம் கூடும். அழுத்தம் கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குப் பந்து தள்ளப்படும். சுழற்சி, காற்றின் வேகம், அழுத்தம், விசை, பாதை. ஐந்து கண்ணி. டேபிள் டென்னிஸில் டாப் ஸ்பின் பந்து ஏன் திடீரென்று குனிகிறது என்பதை இதே ஐந்து கண்ணியில் எழுதிப் பழகுங்கள்.

எச்சரிக்கை ஒன்று: கிரிக்கெட்டில் வேகப்பந்து ஸ்விங் ஆவதற்கு இதையே எழுதாதீர்கள். அங்கே முக்கிய வேலை தையலுக்கும், ஒரு பக்கம் பளபளப்பும் மறுபக்கம் சொரசொரப்பும் இருப்பதற்கும்.

9. உளவியல் எல்லாம் பொது அறிவுதான், படிக்காமலே எழுதலாம்னு சீனியர் சொன்னாங்க.

அந்த சீனியர் எவ்வளவு வாங்கினார் என்று கேட்டீர்களா? ‘கூட்டத்தைப் பார்த்ததும் பதற்றம் வரும், தன்னம்பிக்கை வேண்டும்’ என்று எழுதினால் அது மேடைப் பேச்சு. சைக்கிள் பந்தயக்காரர்கள் தனியாக ஓட்டுவதைவிடப் பிறரோடு ஓட்டும்போது வேகமாகப் போவதை 1898-இல் டிரிப்லெட் என்ற உளவியலாளர் எழுதினார். சரி, கூட்டம் சிலருக்கு ஆட்டத்தைக் கெடுக்கிறதே? அதற்கு 1965-இல் ஸாயன்ஸ் என்ற உளவியலாளர் விடை தந்தார்: பார்வையாளர் இருந்தால் கிளர்ச்சி (உடம்பும் மனசும் உசுப்பேறிய நிலை) ஏறும், அப்போது ஏற்கெனவே ஊறிப்போன பழக்கம் எதுவோ அது வெளியே வரும். தேர்ந்தவருக்கு ஊறியது சரியான அடி. புதியவருக்கு ஊறியது தப்பு. 3-ஆவது கேள்வியின் மூன்று கட்டங்களை இதோடு சேர்த்துப் பாருங்கள், ஒரு நீண்ட விடையே தயார்.

கிளர்ச்சிக்கும் ஆட்டத்துக்கும் உள்ள உறவைக் கவிழ்த்த ‘யூ’ வடிவில் வரைவார்கள். அந்த வளைவின் உச்சி எல்லோருக்கும் ஒரே இடத்தில் இல்லை. எடை தூக்குபவருக்கு அது வலப்பக்கம் தள்ளி, வில்வித்தைக்காரருக்கு இடப்பக்கம் தள்ளி. இரண்டையும் ஒரே படத்தில் வரைந்து காட்டுங்கள்.

10. வரலாறு, சமூகம்னு ஒரு பகுதி. விளையாட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

1928 ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டர் இருந்தது. ஓடியவர்கள் களைத்துப்போனார்கள் என்று ஊதிப் பெருக்கி அதை எடுத்துவிட்டார்கள்; மறுபடி வந்தது 1960-இல். பெண்கள் மாரத்தான் 1984-இல்தான். தசை மாறவில்லை, எண்ணம் மாறியது. இந்தப் பகுதிக்கு இப்படிப்பட்ட பத்து உதாரணம் கையில் இருந்தால் போதும், நாள் முழுக்க மனப்பாடம் தேவையில்லை.

11. ஊக்கமருந்து பத்தி ‘தப்பு, உடம்புக்குக் கேடு’ன்னு ரெண்டு பக்கம் எழுதியும் மார்க் வரலையே?

தப்பு என்பது தேர்வாளருக்கும் தெரியும். எந்த மருந்து, உடம்பில் என்ன செய்கிறது, எந்த விளையாட்டுக்காரருக்கு அது ஆசை காட்டும், விலை என்ன? இந்த நாலையும் எழுதுங்கள். 1988 சியோலில் பென் ஜான்சன் 100 மீட்டரை 9.79-இல் ஓடிவிட்டுப் பதக்கத்தை இழந்தது ஸ்டானசோலால் என்ற ஸ்டீராய்டால். அது தசை வளர்ச்சிக்கானது. ஈபிஓ என்ற ஹார்மோன் ரத்தத்தின் சிவப்பணுக்களைப் பெருக்கும், 5-ஆவது பதிலின் மூன்றாவது வழிக்கு ஆக்ஸிஜன் கூடும். ஆனால் ரத்தம் கெட்டியாகி இதயத்துக்கு ஆபத்து.

பீட்டா பிளாக்கரைக் கேட்டால் மாணவர்கள் விழிக்கிறார்கள். அது இதயத் துடிப்பைக் குறைக்கும், கை நடுக்கத்தை அடக்கும். வில்வித்தைக்கும் துப்பாக்கி சுடுதலுக்கும் உதவி. இதையே மாரத்தான் ஓடுபவர் எடுத்தால்? 4-ஆவது பதிலின் பெருக்கலைப் போடுங்கள்: துடிப்பு குறைந்தால் ரத்த அளவு குறையும், ஆள் பின்தங்குவார்.

12. 220-லிருந்து வயசைக் கழிச்சா வர்ற துடிப்பைவிட எனக்கு அதிகமா வருது. உடம்புல கோளாறா?

பெரும்பாலும் சூத்திரத்தின் கோளாறு. அது சராசரி மட்டுமே. நலமாக இருக்கும் ஒருவருக்கே பத்துத் துடிப்பு இப்படியோ அப்படியோ விலகலாம். 17 வயதுக்கு 203 வரும். 2001-இல் வந்த இன்னொரு சூத்திரம், 208-லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கச் சொல்கிறது, அதன்படி 196. தேர்வில் எதைக் கேட்டார்களோ அதைப் போடுங்கள், பயிற்சித் திட்டத்தில் இது தோராயம் என்று ஒரு வரி எழுதுங்கள். ஓடும்போது மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் மட்டும் சூத்திரத்தைத் தள்ளிவைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

13. என் ஆட்டத்தை நானே அலசி எழுதச் சொல்றாங்க. ‘ஸ்டாமினா பத்தாது’ன்னு எழுதிட்டேன், அப்புறம்?

எப்படித் தெரியும் என்பதுதான் அப்புறம். 20 மீட்டர் பீப் டெஸ்ட் (ஒலிக்கும் ‘பீப்’புக்குள் 20 மீட்டரை மறுபடி மறுபடி ஓடி முடிப்பது, வேகம் கூடிக்கொண்டே போகும்) ஓடி, எந்த நிலையில் நின்றீர்கள் என்று குறியுங்கள். ஆட்டத்தின் கடைசிக் கால் மணியில் எத்தனை பாஸ் தவறியது என்று நண்பரை எண்ணச் சொல்லுங்கள். பிறகு காரணம், பிறகு ஆறெட்டு வாரத் திட்டம், பிறகு அதே டெஸ்ட், அதே தரையில், அதே ஷூவோடு. முதல் முறை சிமெண்ட் தரையிலும் இரண்டாம் முறை மழைக்குப் பிந்தைய புல்லிலும் ஓடிவிட்டு ‘முன்னேற்றம் இல்லை’ என்று எழுதிய ஏட்டைப் பார்த்திருக்கிறேன். பாவம், முன்னேறித்தான் இருந்தான்.

வருஷத் தொடக்கத்திலேயே ஆட்டத்தை வீடியோ எடுத்து வையுங்கள். நடுவில் காயம்பட்டால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கும் அதுவே பதில்.

14. இதைப் படிச்சா என்ன வேலைங்க கிடைக்கும்?

பயிற்சியாளர், உடற்கல்வி ஆசிரியர், விளையாட்டு அறிவியல், ஆட்டப் பகுப்பாய்வு, விளையாட்டு நிர்வாகம் ஆகிய பக்கங்களுக்கு நேர்வழி. பிசியோதெரபி ஆசை இருந்தால் கவனம்: பல கல்லூரிகள் உயிரியலைக் கட்டாயமாகக் கேட்கும், இந்தப் பாடம் அதற்கு ஈடாகாது. பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்பே நீங்கள் சேர நினைக்கும் கல்லூரியின் நிபந்தனையைப் படித்துவிடுங்கள். பிறகு வருந்தியவர்களை எனக்குத் தெரியும்.

15. உயரமான இடத்துல போட்டி நடந்தா நல்லதுன்னும் போட்டிருக்கு, கெட்டதுன்னும் போட்டிருக்கு. எதை எழுதறது?

‘எந்தப் போட்டிக்கு?’ என்று கேட்டுக்கொண்டு இரண்டையும் எழுதுங்கள். 1968 ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே பாப் பீமன் 8.90 மீட்டர் தாண்டி நீளம் தாண்டுதல் சாதனையை 55 செ.மீ. தள்ளிவைத்தார். காற்றின் அடர்த்தி குறைவு, எதிர்ப்பு குறைவு. சில விநாடி வேலைக்கு ஆக்ஸிஜன் பெரிதாக வேண்டாம். அதே ஊரில் 10,000 மீட்டரில் உலக சாதனையாளர் ரான் கிளார்க் ஆறாவதாக வந்து சுருண்டு விழுந்தார். மேட்டுநிலத்தில் வளர்ந்த கென்யாவின் நஃப்தாலி டெமு தங்கம் வாங்கினார். 5-ஆவது பதிலில் எந்த வழி யாருக்கு என்று பார்த்தால் முரண்பாடே இல்லை.

இங்கே ஒரு தவறு எல்லாத் தாளிலும் வரும்: ‘மேலே ஆக்ஸிஜன் சதவீதம் குறைவு.’ சதவீதம் அதே 21-தான். அழுத்தம்தான் குறைவு, அதனால் நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குள் ஆக்ஸிஜனைத் தள்ளும் வேகம் குறைகிறது. கேள்வி ‘உயரத்தில் பயிற்சி’ என்று வந்தால் அது வேறு. சில வாரம் மேலே தங்கினால் உடம்பே ஈபிஓவைக் கூடுதலாகச் சுரந்து சிவப்பணுவைப் பெருக்கும். 11-ஆவது பதிலில் ஊசியில் வந்தது இங்கே இயற்கையாக வருகிறது. ஆனால் அங்கே முழு வேகத்தில் பயிற்சி செய்ய மூச்சு விடாது. அதனால்தான் இரவு மேலே தங்கிவிட்டு, கடுமையான ஓட்டத்துக்கு மட்டும் வண்டியேறிக் கீழே இறங்கி வருகிறார்கள்.